ஒரு முழம் நூலுக்குப் போன சாத்தான்

செலெடோனியோவைப் போல ஒரு சாதுவைப் பனாமாக் கடலோரத்துப் போர்ட்டோபெலோவில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. படகு மோட்டார் பழுது பார்ப்பது தொழில். பக்கத்து வீட்டுக் கோழி பட்டறைக்குள் புகுந்து கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்தால்கூட, "போம்மா, போயிட்டு அப்புறம் வா" என்று மரியாதையாகத்தான் அனுப்பி வைப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் நாற்பத்திரண்டு வருஷம் எங்கள் ஊரின் பெரிய சாத்தான்.

ஜனவரி இருபதாம் தேதி, எங்கள் முன்னோர் அடிமைக் காலத்தில் ஆடிய காங்கோ ஆட்டத்துக்குக் கொடி ஏறிவிட்டால் ஊரே தலைகீழாகிவிடும். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொள்வோம். கை குலுக்க மாட்டோம், காலைக் குலுக்குவோம். எங்களுக்கு என்று ஒரு ராணி, ஓலை வேய்ந்த ஒரு அரண்மனை. கார்னிவல் நெருங்கும்போது கொம்பு முகமூடியும் சிவப்பு கறுப்பு உடையுமாகச் சாத்தான்கள் தெருவில் இறங்குவார்கள். கணுக்காலில் சலங்கை, கையில் சவுக்கு. செலெடோனியோவின் சலங்கைச் சத்தம் கேட்டால் பெரிய பெரிய மீசைக்காரர்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முழங்காலுக்குக் கீழேதான் அடிப்பார், ஆனால் சுளீரென்று அடிப்பார். மறுநாள் காலையில் அதே மனிதர் அடி வாங்கியவர் வீட்டு வாசலில் நின்று, "நேத்து கொஞ்சம் பலமா விழுந்துடுச்சோ? மோட்டாரைக் கொண்டு வாங்க, பிளக்கை மாத்தித் தரேன்" என்பார். அடி வாங்குவதற்கென்றே குறுக்கே போன கஞ்சப் பிரபுக்களும் எங்கள் ஊரில் உண்டு.

சாத்தான் யார் என்று எங்களுக்கு எந்தப் பாதிரியாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சவுக்கு வைத்திருந்தவன்தான் சாத்தான். எங்கள் முன்னோரைக் கப்பலிலிருந்து இறக்கி, சுங்கமாளிகை முன்னால் நிறுத்தி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, உயரத்தை அளந்து, விலையை ஏற்றி ஏற்றி விற்றவன். அதனால் சாம்பல் புதனன்று நாங்கள் அவனைப் பிடித்து, முகமூடியைக் கழற்றி, ஞானஸ்நானம் கொடுத்து, அதே சுங்கமாளிகை முன்னால் ஒரு கல்லின் மேல் ஏற்றி விற்றுவிடுகிறோம். அவர்கள் விலை ஏற்றி விற்றார்கள் அல்லவா, நாங்கள் இறக்கி விற்கிறோம். ஒரு பன்றியில் ஆரம்பித்து ஏலம் கீழே போகும். எல்லோரையும் விடக் குறைவாகக் கேட்பவருக்குச் சாத்தான் சொந்தம். சும்மா வெறுங்கையைக் காட்டக் கூடாது, ஏதாவது ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். வாங்கியவருக்குத் தவக்காலத்தில் ஒரு நாள் முழுக்க அவன் உழைக்க வேண்டும். விற்று முடியும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது.

செலெடோனியோ முதன்முதல் வேஷம் கட்டியபோது வயது இருபத்திரண்டு. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கோயிலுக்குப் போய்க் கறுப்பு நசரேயன் என்று நாங்கள் சொல்லும் கறுத்த இயேசு சிலை முன்னால் மண்டியிட்டு, "அம்மா பிழைச்சா, என் முழங்கால் தாங்கற வரைக்கும் சாத்தான் வேஷம் கட்டறேன்" என்று நேர்ந்துகொண்டார். அம்மா பிழைத்ததோடு நிற்காமல் தொண்ணூற்றொரு வயதுவரை இருந்து எல்லோரையும் திட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்த முதல் வருஷம் கல்லின் மேல் ஏறியபோதுதான் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. முகமூடி இருக்கும்வரைதான் அவர் எஜமான். அதைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கல்லின் மேல் நிற்பது எந்த வெள்ளைக்காரனும் இல்லை. கறுத்த முகமும் வியர்த்த நெற்றியுமாக, அந்தக் கல்லில் நின்றவர்களின் வாரிசு ஒருவன்தான் நிற்கிறான். சின்ன வயதிலிருந்து கீழே நின்று விலா நோகச் சிரித்தவர்தான். மேலே நிற்பது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டு என்று மூளைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு நடுங்கியது.

ஏலம் போட்டது சவரக்கடை மார்சியானோ. அவன் வாய்க்கு அந்தக் காலத்திலேயே பூட்டுக் கிடையாது.

"பாருங்கய்யா, நல்லாப் பாருங்க! பல்லு முப்பத்திரண்டும் இருக்கு, ஆனா தின்னே தீர்த்துடுவான். முதுகு அகலம், ஆனா படுக்கறதுக்குத்தான் அகலம். ஒரு பன்னிக்குக் கொடுக்கலாமா?"

"பன்னி எதுக்கு, ஒரு கோழி!"

"ஒரு முட்டை!"

"முட்டை ஓடு!"

"மீன் வால்!" என்றாள் நிக்கனோரா. அப்போதுதான் கல்யாணமாகி, துறைமுகத்தில் மீன் வறுத்து விற்க ஆரம்பித்திருந்தாள். அவள் அடுப்படிக் கூரை ஒழுகியது. ஒரு நாள் இலவச வேலைக்கு ஆள் கிடைக்குமே என்று கணக்குப் போட்டாள். அதற்குக் கீழே கேட்க ஆளில்லை. மார்சியானோ கையைத் தூக்கி மூன்று எண்ண ஆரம்பித்தான்.

"என் தையல் மெஷின்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கத்தியது வெர்னா. நாலு மாதம் முன்னால் கொலோன் நகரத்திலிருந்து கைமெஷின் ஒன்றோடு வந்து, நிக்கனோராவின் முன்னறையில் வாடகைக்கு இருந்தவள். அவள் தாத்தா கால்வாய் வெட்ட பார்படோஸிலிருந்து வந்தவர். அவர்கள் வீட்டில் பைபிளும் கீர்த்தனையும்தான், காங்கோ ஆட்டத்தைப் பேய்க்கூத்து என்பார்கள். ஏலம் கீழே போக வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மெஷினை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு சொத்தும் கிடையாது.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நிக்கனோரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடி பைத்தியக்காரி, இறக்கிக் கேக்கணும்டி!"

"எதுக்கு இறக்கணும்? ஒரு மனுஷனை மீன் வாலுக்குக் கேக்கறீங்களே, அந்த ஆளு முகத்தை யாராவது பார்த்தீங்களா?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. மேலே நின்ற செலெடோனியோவுக்கு வாயைத் திறக்க உரிமையில்லை. திறந்தாலும் அழுகைதான் வந்திருக்கும்.

ராணி சதுர்னினா நாற்காலியை விட்டு எழுந்தாள். நாலடி உயரம், எண்பது வயது, அவள் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

"மீன் வால்தான் குறைச்சல், எனக்கும் தெரியும். ஆனா இந்தக் கல்லுல நின்னவன் முகத்தைப் பார்த்து விலை சொன்னவங்க இதுவரைக்கும் யாருமில்ல. இவதான் மொதல் ஆளு. பையன் இவளுக்கு. கேட்டது கேட்டதுதான், மெஷின் ஒரு வருஷம் என் வீட்டுல இருக்கட்டும்."

"அப்போ என் கூரை?" என்றாள் நிக்கனோரா.

"மழை வந்தா நனை" என்றாள் ராணி.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் செலெடோனியோ தன் ஒரு நாள் வேலையைச் செய்தார். மெஷினைத் தலையில் வைத்து மேட்டுத்தெருவிலிருந்த ராணி வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கியதுதான் வேலை. அத்தோடு முடிந்தது என்று பேசாமல் இருந்திருக்கலாம். வெர்னா தினமும் மேடேறிப் போய்த் தைக்க, இவர் தினமும் எண்ணெய்க் குப்பியோடு பின்னால் போனார். ஒரு கைமெஷினுக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? தைத்த துணியெல்லாம் எண்ணெய்க் கறையாகிறது என்று ராணியே ஒரு நாள், "டேய், ஒண்ணு அவளைக் கட்டிக்கோ, இல்லாட்டி அந்தக் குப்பியைக் கடல்ல போடு" என்றாள். கட்டிக்கொண்டார்.

அடுத்த வருஷம் கல்லின் மேல் ஏறியபோதும் கால் நடுங்கத்தான் செய்தது. ஏலம் முட்டை ஓட்டுக்கு இறங்கியபோது வெர்னா முன்னால் வந்தாள். இப்போது அவளுக்கு விதி தெரியும். கழுத்தில் கிடந்த சிவப்பு நூலில் ஒரு முழம் அளந்து, பல்லால் கடித்து அறுத்து, தூக்கிக் காட்டினாள்.

"ஒரு முழம் நூல்."

அவருடைய கால் நின்றது. அவ்வளவுதான். அதன்பிறகு வருஷா வருஷம் அந்த ஒரு முழம் நூலுக்குத்தான் அவர் விலை போனார். யாரும் அதற்குக் கீழே கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்துப் பார்த்தது உண்டு. வேறொருவர் கையால் வாங்கப்படுவதை அவரால் தாங்க முடியாது. விளையாட்டாகக்கூட முடியாது. நூலைப் பிடித்திருக்கும் அந்தக் கை கூட்டத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் ஏறினார். இதை அவர் வெர்னாவிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குச் சொன்னது ஒரு வீட்டோடு நின்ற சரித்திரம் இல்லை.

நிக்கனோரா மட்டும் விடவில்லை. மீன் வெட்டும் கத்தரிக்கோல் எப்போதும் அவள் ஏப்ரனில் தொங்கும். ஏலம் நடக்கும்போது அதை எடுத்து டக் டக்கென்று ஆட்டிக் காட்டுவாள். தெருவில் அவரைப் பார்த்தாலும் இதே வம்புதான்.

"பாதியா வெட்டி அரை முழம்னு கேட்டுடவா, செலோ? சட்டப்படி நீ என்னுது. மீன் வாலுக்கு வாங்கினவ நான்."

"உன் கூரையை ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தாச்சே, நிக்கனோரா."

"அது நீயா செஞ்சது, கணக்குல வராது. ஒரு வருஷம் உன் வெர்னாவுக்கு ஜலதோஷம் பிடிக்கும். அன்னைக்கு வச்சுக்கறேன்."

மற்றபடி குறையில்லாத வாழ்க்கை. மூன்று பிள்ளைகள், மூவரும் பனாமா சிட்டியில் வேலை பார்க்கிறார்கள். பட்டறைக்குப் பின்னால் வெர்னா தைத்தாள். முதலில் பள்ளிக்கூடச் சீருடை, பிறகு கல்யாண உடை, கார்னிவல் வந்தால் சாத்தான் உடை. ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ச் சோறும் வறுத்த மீனும். சாப்பிட்டதும் அவர் ஊஞ்சல் படுக்கையில் விழுந்து குறட்டை விடுவார். அவள் தன் தாத்தா நாட்டுக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டே மெஷினைச் சுற்றுவாள். குறட்டை தாளத்துக்குச் சரியாக வருகிறது என்பாள். இப்படியே வருஷங்கள் போனது தெரியவில்லை.

நாற்பத்திரண்டாவது வருஷம் வெர்னாவுக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை, கண்புரை வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடுமாறினாள். கொலோன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். எந்தத் தேதி? சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள்கிழமை. ஒரு வாரம் அங்கேயே தங்கை வீட்டில் தங்க வேண்டும், புழுதியில் வரக் கூடாது.

செலெடோனியோ ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷம் வேஷம் வேண்டாம்."

"ஏன்?"

"முழங்கால் வலிக்குது."

"நேத்து யூலோஹியோ படகை நாலு பேரா கரைக்கு இழுத்தப்போ வலிக்கலையா?"

கீழே வைத்த ஸ்பேனரை மறுபடி எடுத்துத் துடைத்தார். வெர்னா அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வந்தாள்.

"முழங்கால் தாங்கற வரைக்கும்னு நசரேயன்கிட்ட நேர்ந்துக்கிட்டது நீ. தாங்குதா இல்லையா?"

"தாங்குது."

"அப்போ பேசாதே, சாத்தானே." பெட்டியைத் தடவி நூற்கண்டை எடுத்து, ஒரு முழம் அளந்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். "மார்சியானோகிட்ட கொடு. ஊர்ல இல்லாதவங்க பொருளைக் கொடுத்து அனுப்பலாம்."

"அனுப்பலாம். ஆனா நேர்ல நிக்கறவங்க அதுக்குக் கீழே கேட்டா, அவங்களுக்குத்தான்."

"தெரியும்" என்றாள் வெர்னா.

சாம்பல் புதன் வந்தது. அன்று செலெடோனியோ ஓடிய ஓட்டத்தில் உயிரே இல்லை. தேவதைகள் வேஷம் போட்டவர்கள் பிடிக்க வந்தபோது வழக்கமாக அரைமணி நேரம் ஆட்டம் காட்டுவார். அன்று பத்து நிமிஷத்தில் பிடிபட்டார். முகமூடியைக் கழற்றினார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கல்லின் மேல் ஏறினார். அறுபத்து மூணு வயதுக் கால், இருபத்திரண்டு வயதில் நடுங்கிய மாதிரியே நடுங்கியது.

மார்சியானோவுக்கும் கிழடு தட்டிவிட்டது, குரல் மட்டும் மிச்சம். பன்றி, கோழி என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. சிவப்பு நூலை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"வெர்னா கொலோன்ல இருக்கா, எல்லாருக்கும் தெரியும். இது அவ அனுப்பினது. ஒரு முழம் நூல். இதுக்குக் கீழே கேக்கறவங்க கேக்கலாம்."

கல்லுக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நிக்கனோரா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரிக்கோல். செலெடோனியோ அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். நசரேயனே, சீக்கிரம் முடியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"என் படகு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யூலோஹியோ.

மார்சியானோ கையைக் காதில் வைத்தான். "என்னடா சொன்னே?"

"என் படகு. மோட்டாரோட."

"காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா? இறக்கிக் கேளுடா!"

"படகுன்னு சொன்னேன், எழுதிக்கோ."

கூட்டம் ஒரு நிமிஷம் விழித்தது. பிறகு பள்ளிக்கூட டீச்சர் டெல்ஃபினா கையைத் தூக்கினாள். "என் வீடு. மாமரத்தோட."

"என் ரெண்டு பசு மாடு!"

"என் ஃபிரிட்ஜ்!"

"என் மாமியார்!" என்றான் ஒருவன்.

"டேய், ஏத்திக் கேக்கணும்டா, இறக்கிக் கேக்கறே!" என்றான் இன்னொருவன். சதுக்கமே அதிர்ந்தது. மாமியார் செருப்பைக் கழற்றினாள்.

செலெடோனியோவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்தார். வலை, குதிரை, பாட்டன் விட்டுப்போன தென்னந்தோப்பு என்று விலை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கள் முன்னோரை விலை ஏற்றி விற்ற அதே இடத்தில் விலை ஏறியது. ஆனால் இங்கே கேட்ட ஒருவருக்கும் அவரை வாங்குகிற எண்ணம் இல்லை. ஏற்றிக் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துதான் ஏற்றிக் கேட்டார்கள். அந்த நூலுக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்பதற்காக, அன்று வெர்னா விவரம் தெரியாமல் செய்த தப்பை ஊரே தெரிந்து செய்தது. அது புரிந்தபோது கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது. வாயைத் திறக்கத்தான் தடை, அழுவதற்குத் தடையில்லை. அழுதார்.

ஒருவர் மட்டும்தான் பாக்கி. நிக்கனோரா எழுந்தாள். சதுக்கம் அப்படியே அடங்கியது. அவள் மார்சியானோவிடம் போய், நூலைக் கையில் வாங்கினாள். கத்தரிக்கோலைத் திறந்தாள்.

"கண்ணு தெரியாம அளந்திருக்கா. முழத்துக்கு மேலேயே இருக்கு" என்றாள். கத்தரிக்கோலை ஆட்டினாள், டக், டக். நாற்பது வருஷமாகக் கேட்ட சத்தம்தான், ஆனால் செலெடோனியோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நிக்கனோரா கத்தரிக்கோலை மடக்கி ஏப்ரனில் போட்டாள்.

"என் அடுப்படி" என்றாள். "கூரையோட. கூரையில இருக்கற ஓட்டையோட."

மார்சியானோ மூன்று எண்ணவில்லை, எண்ணினாலும் கேட்டிருக்காது. அவ்வளவு சத்தம். நிக்கனோராவே கல்லருகில் வந்து, நூலை அவர் மணிக்கட்டில் திரும்பக் கட்டினாள்.

"இன்னும் என்னத்துக்கு நின்னு அழறே? மூணு மணி பஸ் போயிடப் போகுது. போ."

முகத்தைக் கழுவக்கூட நேரமில்லை. கன்னத்தில் வேஷத்துக்குப் பூசிய கரியும் காலில் சலங்கையுமாகப் பஸ்ஸில் ஏறினார். கொலோன் போகும்வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

தங்கை வீட்டு உள்ளறையில் வெர்னா ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். சலங்கைச் சத்தம் வாசலில் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா, சாத்தானே? யாரு வாங்கினா?"

"நீதான்."

அவள் கையை நீட்டி, அவர் மணிக்கட்டைத் தடவி, நூலைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"அதுக்குக் கீழே யாருமே கேக்கலையா?"

"இல்ல. எல்லாரும் மேலே கேட்டாங்க."

"மேலேன்னா?"

அவர் சொன்னார். படகு, வீடு, மாடு, மாமியார். நிக்கனோராவின் அடுப்படிக்கு வந்தபோது வெர்னா கட்டுப் போட்ட கண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று தங்கை அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

"சரி, நீ வாங்கியாச்சு. ஒரு நாள் வேலை செய்யணும்" என்றார் செலெடோனியோ. "சொல்லு, என்ன செய்யட்டும்? நம்ம வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா? மெஷினைக் கழட்டிச் சுத்தம் பண்ணட்டுமா?"

வெர்னா கொஞ்சம் யோசித்தாள். தலையணையைச் சரி செய்து சாய்ந்துகொண்டாள்.

"யாரு யாரு என்ன கேட்டாங்கன்னு முதல்லேருந்து மறுபடி சொல்லு. அவசரப்படாம சொல்லு, ஒண்ணையும் விடாதே."

செலெடோனியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சலங்கையை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"முதல்ல யூலோஹியோதான்" என்று ஆரம்பித்தார். "படகுன்னான். மோட்டாரோட."